வெள்ளையடித்த வார்த்தைகள்

ரோமாபுரியில் தேர்தலில் நிற்க ஆசைப்பட்டவர் முதலில் ஓட வேண்டிய இடம் கோயிலல்ல, துணி வெளுக்கும் கடை. தோகா என்பது ரோமக் குடிமகனின் மரியாதை உடை. ஆளை விழுங்கும் நீளத்துக்குக் கம்பளி. அதை உடம்பைச் சுற்றிச் சுற்றி உடுத்திக்கொண்டு இத்தாலிய வெயிலில் வேக வேண்டும். அதன் இயல்பான நிறம் ஆட்டின் நிறம், அதாவது அழுக்கு வெள்ளை. ஊர் முழுக்க அழுக்கு வெள்ளையில் அலைந்தால் வேட்பாளரை எப்படி அடையாளம் காண்பது? ஆகவே அவர் தன் தோகாவை வெளுக்கப் போட்டு, மேலே சீமைச்சுண்ணாம்பைத் தேய்த்து, பார்ப்பவர் கண் கூசும்படி மினுக்கிக்கொண்டு பொது மன்றத்துக்கு வந்து சேர்வார்.

லத்தீனில் பளீர் வெள்ளைக்கு காண்டிடுஸ் என்று பெயர். பளீர் வெள்ளை உடுத்தியவர் காண்டிடாட்டுஸ். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலீஷ்காரர்கள் வாலை நறுக்கிவிட்டு அதைக் கேண்டிடேட் ஆக்கினார்கள். ஆக, உலகமெங்கும் வேட்புமனு போடுகிற ஒவ்வொருவருக்கும் இங்கிலீஷ் சூட்டியிருக்கும் பட்டத்தின் நேரான பொருள், சுண்ணாம்பு பூசிக்கொண்டவர். இங்கிலீஷில் வெள்ளையைக் குறித்துப் பிறந்த சொற்களின் ஜாதகத்தைப் புரட்டினால் பெரும்பாலும் இதே கதைதான். மேலே வெள்ளை; சுரண்டினால் வேறு ஏதோ.

தெருமுனைப் பானை

அந்த வெளுக்கும் கடைக்குள் எட்டிப் பார்ப்போம், மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். துணிக்குச் சோப்பு போடாத காலம். ரோம வண்ணார்கள் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்தார்கள். தொட்டியில் இருந்தது நாள்பட்ட சிறுநீர். ஊறிப் புளித்தால் அதில் அம்மோனியா சேரும், அழுக்கு போகும். அதற்குப் பிறகு கந்தகப் புகை காட்டுவார்கள், கடைசியில் சுண்ணாம்பு மண் தேய்ப்பார்கள். சரக்குக்கு எங்கே போவது? தெருமுனைப் பானையை நிரப்பும் பொதுமக்கள்தான் கொடை வள்ளல்கள்.

பின்னாளில் வெஸ்பாசியன் என்று ஒரு பேரரசர் வந்தார். கஜானாவில் காற்று மட்டும் இருந்தது. அவர் இந்தச் சிறுநீர் வியாபாரத்துக்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தான். அப்பா முதல் வசூலிலிருந்து ஒரு காசை எடுத்து மகன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டார் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். நாறவில்லை என்றான் மகன். நிதி அமைச்சர்களுக்கு அதைவிடத் தெளிவான பாடம் இதுவரை எவரும் நடத்தவில்லை. பிரான்சில் பொதுக் கழிப்பிடத்துக்கு நெடுங்காலம் வெஸ்பாசியன் என்றே பெயர் இருந்தது. பேரரசருக்குப் பல நினைவுச் சின்னங்கள் உண்டு. மக்கள் தினமும் தேடிப் போனது இதற்குத்தான்.

வேட்பாளரின் வெள்ளைக்குத் திரும்புவோம். அதன்மீது மற்றவர்களுக்கு ஆதியிலேயே எரிச்சல் இருந்தது. கி.மு. 432-ல் வாக்குக் கேட்பதற்காக உடையை மேலும் வெளுப்பாக்கக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தார்கள். மேட்டுக்குடியினருக்கும் எளிய மக்களின் பிரதிநிதிகளுக்கும் இதை வைத்துப் பெரிய தகராறு நடந்ததாக வரலாற்றாசிரியர் லிவி சொல்கிறார். சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ 370 ஆண்டுகள் கழித்து, நாவன்மைக்குப் பேர்போன சிசரோ தேர்தலில் நின்றபோது தன் எதிரிகளைக் கிழித்துத் தொங்கவிட்ட உரைக்கு என்ன பெயர் தெரியுமா? 'வெள்ளைத் தோகாவில்'. தேர்தல் விதிகளின் ஆயுளும் ஆரோக்கியமும் அன்றைக்கே அப்படி.

வெள்ளைத் தோகாவுக்குள் சட்டை அணியாமல் வருவதும் வழக்கம். இதற்கு வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூடார்க் சொல்லும் காரணங்களில் இரண்டு இவை. ஒன்று, போரில் வாங்கிய தழும்புகளைத் திறந்து காட்டி வாக்குக் கேட்கலாம். இன்னொன்று, மடிப்பில் காசை மறைத்து வைத்துக் கொடுக்க முடியாது. தழும்பு இருந்தவர்கள் முதல் காரணத்தையும், இல்லாதவர்கள் இரண்டாவதையும் சொல்லியிருப்பார்கள்.

வாக்குச் சேகரிக்கச் சுற்றி வருவதற்கு லத்தீனில் ஆம்பிட்டியோ என்று பெயர். இங்கிலீஷின் ஆம்பிஷன் அங்கேயிருந்து வந்ததுதான். உங்கள் பிள்ளையிடம் வாழ்க்கையில் என்ன ஆம்பிஷன் என்று கேட்கிறீர்களே, வீடு வீடாகப் போய்க் கும்பிடுவது என்பதுதான் அதன் ஆதி அர்த்தம். சுற்றி வருபவரோடு ஓர் அடிமையும் வருவான். எதிரே வருகிறவரின் பெயரைக் காதில் ஓதுவது அவன் வேலை. முதலாளி உடனே பல்லெல்லாம் தெரிய, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். இந்த ஓதுவான் கூடாது என்றும் ஒரு சட்டம் வந்தது. அதை மதித்தவர் இளைய கேட்டோ ஒருவர்தான். ஊரார் பெயரையெல்லாம் தானே மனப்பாடம் செய்தார் என்கிறார் புளூடார்க். அதே கேட்டோ பிற்பாடு நாட்டின் உச்சப் பதவியான கான்சல் பதவிக்கு நின்று தோற்றார். நேர்மையானவரின் தேர்தல் முடிவு பற்றிக் கூடுதல் விளக்கம் தேவையில்லை.

வாயால் கெட்டவரும் உண்டு. சிப்பியோ நசிக்கா என்ற பெரிய வீட்டுப் பிள்ளை வாக்குக் கேட்டு ஒரு குடியானவரின் கையைக் குலுக்கினார். காய்ப்புக் காய்த்துக் கரடுமுரடாக இருந்த கை. "என்னய்யா, நீர் கையால்தான் நடப்பீரோ?" என்று கேட்டுவைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்தது. அங்கிருந்து கிராமம் கிராமமாகப் பரவியது. உழைக்கிறவனின் வறுமையைக் கேலி செய்தவன் என்று நாட்டுப்புற வாக்கு முழுதும் கவிழ்ந்தது. சுண்ணாம்புச் செலவு வீண்.

சிசரோவுக்கு அவர் தம்பி குயின்டஸ் எழுதியதாக ஒரு தேர்தல் கையேடு இருக்கிறது, கி.மு. 64-ஆம் ஆண்டுச் சரக்கு. எல்லோருக்கும் எல்லாவற்றையும் வாக்குக் கொடு, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லாதே, மறுப்பைவிட இனிய பொய்யையே ஜனங்கள் மன்னிப்பார்கள் என்பது அதன் சாரம். கையேட்டை உண்மையில் தம்பிதான் எழுதினாரா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். யார் எழுதியிருந்தாலும் மறுபதிப்புக்குத் திருத்தம் தேவைப்படாத நூல். சிசரோ வென்றார். பதவியில் உட்கார்ந்ததும், வாக்குக்குப் பணம் கொடுத்தால் பத்தாண்டு நாடுகடத்தல் என்று சட்டம் கொண்டுவந்தார். அதே ஆண்டில் முரேனா என்ற வேட்பாளர் அந்தச் சட்டத்தின் கீழ் மாட்டினார். அவருக்காக வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்த வக்கீல் யார்? சிசரோதான். இதைப் படிக்கையில் யார் முகமாவது உங்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு ரோமாபுரி பொறுப்பல்ல.

இந்தக் காண்டிடுஸ் குடும்பம் பெரியது. ஒளிவுமறைவில்லாத பேச்சைக் குறிக்கும் கேண்டிட் என்ற சொல் கேண்டிடேட்டுடன் கூடப் பிறந்தது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பளீரென்று எரிவதால் மெழுகுவர்த்தி கேண்டில் ஆனது. சாம்பிராணிக்கு வழங்கும் இன்சென்ஸும், தீவைப்பைக் குறிக்கும் இன்சென்டியரியும் அதே வேரின் ஒன்றுவிட்ட சகோதரர்கள். கோயிலில் புகை போடுபவரும் ஊரைக் கொளுத்துபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது இலக்கணப்படி சரி. கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படியும் பூஞ்சைக்கு கேண்டிடா அல்பிகன்ஸ் என்று பெயர். பளீர் வெள்ளை, மேலும் வெளுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதையும் வேட்பாளரையும் ஒரே குடும்ப அட்டையில் சேர்த்தது லத்தீன், நான் இல்லை.

அறிவிப்புப் பலகை

ரோமர்களிடம் இரண்டு வெள்ளை இருந்தது. பளபளக்கும் வெள்ளை காண்டிடுஸ். பளபளக்காத சாதா வெள்ளை ஆல்புஸ். இந்தச் சாதா வெள்ளையில் ஒரு பலகையைப் பூசி, கறுப்பில் எழுதி, பொது இடத்தில் மாட்டினால் அது ஆல்பம். தலைமைப் பூசாரி ஆண்டு நிகழ்ச்சிகளை அதில் எழுதி வைப்பார். கிரகணம் பிடித்தது, தானிய விலை ஏறியது என்ற வகைச் செய்திகள். நீதி அதிகாரியின் அறிவிப்புகளும் அப்படிப்பட்ட பலகையில்தான் வரும். வேண்டுமென்றே அதைச் சிதைப்பவருக்கு ரோமச் சட்டத் தொகுப்பில் 500 பொற்காசு அபராதம் எழுதியிருக்கிறது. நம் சுவர்களில் 'விளம்பரம் செய்யாதே' என்ற விளம்பரத்தின்மேல் விளம்பரம் ஒட்டுகிறவர்கள் தாங்கள் பிறந்த காலத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

பலகை எப்படிப் புத்தகமானது? பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் மாணவர்களால். விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் மதச் சீர்திருத்தவாதிகள் லூதரும் மெலங்தனும் இருந்த காலம். பையன்கள் வெற்றுத் தாள் வைத்த சிறு நூலைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு நண்பர் ஆல்பம் என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். கிறிஸ்தவ உலகமே இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தபோது மாணவர் சமுதாயம் ஆட்டோகிராஃப் வாங்கிக்கொண்டிருந்தது என்பதில் ஆச்சரியமில்லை. மாணவர் சமுதாயம் எப்போதும் முக்கியமானதைத்தான் செய்யும்.

பிறகு புகைப்படம் வந்தது. 1850-ல் பிளாங்கார் எவ்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் முட்டையின் வெள்ளைக்கருவைத் தாளில் பூசிப் படம் அச்சிடும் முறையைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்கருவுக்கு ஆல்புமன் என்று பெயர்; அதுவும் ஆல்புஸின் வாரிசு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கோழிகள் இட்ட முட்டைகள் ஆம்லெட்டுக்குப் போகாமல் படத்துக்குப் போயின. ஆல்புமன் படங்களை ஆல்பத்தில் ஒட்டினார்கள். வெள்ளையை வெள்ளையில் ஒட்டினார்கள் என்று பொருள். சில ஆண்டுகளில் எல்லாம் மஞ்சளாகிவிட்டன.

இசைத்தட்டின் கதை இன்னும் வேடிக்கை. பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பாட்டு. ஒரு சிம்பொனியை முழுதும் கேட்க நாலைந்து தட்டு வேண்டும். அவற்றை உறை உறையாகத் தைத்த தடிப் புத்தகத்தில் போட்டு விற்றார்கள். அதன் பெயர் ஆல்பம். 1948-ல் நீள் இசைத்தட்டு வந்து எல்லாம் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. 1968-ல் பீட்டில்ஸ் குழு அட்டையில் படமே இல்லாமல் வெறும் வெள்ளையாக ஒன்று வெளியிட்டது. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் ஒயிட் ஆல்பம். வெள்ளை வெள்ளை. ரோமப் பூசாரி இருந்திருந்தால் தானிய விலையை எழுத இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்திருப்பார்.

ஆல்புஸின் பிள்ளைகளில் தடம் மாறியவர்கள் உண்டு. ஆல்புர்னுஸ் என்றால் லத்தீனில் வெண்மை கலந்தது. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து வந்து ஆபர்ன் ஆனது. வெளிறிய மஞ்சள் முடியைக் குறித்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத புண்ணியவான்கள் அதை ஆப்ரன், ஆப்ரூன் என்றெல்லாம் எழுத, படித்தவர்கள் இது பிரௌன் சம்பந்தப்பட்டது போலும் என்று முடிவு கட்டினார்கள். இன்று ஆபர்ன் என்றால் செம்பழுப்பு. மண்டையில் ஒரு மயிரும் நிறம் மாறவில்லை. எழுத்துப் பிழையே சாயம் பூசிவிட்டது.

வெள்ளையடிப்பதை லத்தீனில் தேஆல்பாரே என்பார்கள். அது பிரெஞ்சில் தேய்ந்து இங்கிலீஷில் டாப் ஆனது. இன்றைக்கு அதற்கு அர்த்தம், கண்டதையும் கண்டபடி அப்புவது. தொழில் தெரியாத யாரோ ஒருவரின் கைங்கரியத்தில் ஒரு வினைச்சொல்லே மானம் இழந்தது.

ஆல்பட்ராஸ் பறவைக்கு வெள்ளையோடு பிறப்பில் உறவே கிடையாது. அரபு மூலத்திலிருந்து போர்ச்சுகீசியர் எடுத்த அல்கத்ராஸ் என்ற கடற்பறவைப் பெயர் அது. இங்கிலீஷ் மாலுமிகள் பறவையின் வெள்ளையைப் பார்த்தார்கள், ஆல்புஸை நினைத்தார்கள், பெயரைத் திருத்திவிட்டார்கள். திருத்தாத பெயர் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு பாறைத் தீவுக்குக் கிடைத்தது. வெள்ளையடித்த பெயர் கோல்ரிட்ஜின் கவிதைக்குள் போனது. அடிக்காத பெயர் 1934-ல் ஜெயிலுக்குப் போனது.

கறுப்பும் வெளுப்பும் அண்ணன் தம்பி

இனி வருவது கொஞ்சம் அதிர்ச்சியானது, உட்கார்ந்துகொள்ளுங்கள். இங்கிலீஷின் பிளாக்கும் பிரெஞ்சின் பிளாங்கும் ஒரே வேரில் பிறந்தவை. முன்னது கறுப்பு, பின்னது வெள்ளை. எரிதல், ஒளிர்தல் என்ற பொருளுள்ள ஆதி வேர் ஒன்று. நெருப்பில் சுடரைப் பார்த்தவர்கள் வெள்ளை என்றார்கள். மிச்சமிருந்த கரியைப் பார்த்தவர்கள் கறுப்பு என்றார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. வந்த நேரம்தான் வேறு.

பழைய இங்கிலீஷில் பிளாக் என்று குறிலாகச் சொன்னால் கறுப்பு, நெடிலாக இழுத்தால் வெளிறியது. நடுக்கால எழுத்தர்கள் குறில் நெடில் பார்க்காமல் எழுதித் தள்ளினார்கள். ஒருவர் முகம் பிளாக் ஆனது என்று ஏட்டில் இருந்தால், பயத்தில் வெளுத்ததா கோபத்தில் கறுத்ததா என்று சுற்றியுள்ள வரிகளைப் படித்து ஊகிக்க வேண்டும். துணியை வெளுக்கும் பிளீச்சும் இதே குடும்பம்.

பிளாங்கின் வரவு இன்னும் ரசமானது. ரோமப் பேரரசு விழுந்து ஜெர்மானியக் கூட்டங்கள் உள்ளே புகுந்தன. அவர்கள் கொண்டுவந்த சொல் பிளாங்க். பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிஷ், போர்ச்சுகீசு என்று லத்தீன் பெற்ற பெண்களெல்லாம் அம்மா கொடுத்த ஆல்புஸைப் பரணில் போட்டுவிட்டு, வீட்டுக்குள் புகுந்தவன் கொண்டுவந்த வெள்ளையை எடுத்துக்கொண்டார்கள். தூரத்தில் வாக்கப்பட்ட ருமேனிய மொழி அம்மா சொல்லை விடவில்லை.

1066-ல் நார்மன் படையெடுப்பு. அதன் மூட்டை முடிச்சோடு பிளாங்க் இங்கிலாந்து வந்தது. வெள்ளைத் தாளில் ஒன்றும் எழுதவில்லை என்பதால் காலப்போக்கில் வெறுமை என்று பொருள் கொண்டது. பரீட்சை மண்டபத்தில் பிளாங்க் ஆகிவிட்டேன் என்று பையன் வந்து சொன்னால், தலைக்குள் வெள்ளையாக இருந்தது என்கிறான், நம்பலாம். வெள்ளைக் கம்பளித் துணிக்கு பிளாங்கெட் என்று பெயர். இதற்கு இங்கிலாந்தில் வேறு கதை உண்டு. பிரிஸ்டல் நகரத்தில் பதினான்காம் நூற்றாண்டில் தாமஸ் பிளாங்கெட் என்று ஒரு நெசவாளர் இருந்தார், குளிரில் நடுங்கியவர் போர்வையைக் கண்டுபிடித்தார், அவர் பெயரே அதற்கு நிலைத்தது என்று கைடுகள் சொல்லிக் காசு வாங்குவார்கள். ஆள் உண்மை. ஆனால் அவர் தறி போடுவதற்கு முன்பே சொல் வழக்கில் இருந்தது. துணியால் ஆளுக்குப் பெயர் வந்திருக்குமே தவிர ஆளால் துணிக்கு வரவில்லை.

பிளாங்க்மாஞ்ச் என்று இங்கிலீஷ் வீடுகளில் ஒரு பால் இனிப்பு செய்வார்கள். வெள்ளைத் தீனி என்று பொருள். நடுக்காலத்தில் இதைச் செய்யக் கோழி வேண்டும். கோழியை நார் நாராகப் பிய்த்து, அரிசி, பாதாம்பால், சர்க்கரையோடு குழைத்து வேக வைப்பார்கள். சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் சமையற்காரர் இதில் கைதேர்ந்தவர். அவர் முழங்காலுக்குக் கீழே ஆறாத புண் ஒன்று இருப்பதைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் பிளாங்க்மாஞ்சைப் புகழ்கிறார் சாசர். அறுநூறு ஆண்டுகளாகப் பேராசிரியர்கள் அந்த இடத்தில் நின்று கனைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளைத் தலை, கறுப்புத் தலை

வேல்ஸ் மொழியில் பென் என்றால் தலை, குவின் என்றால் வெள்ளை. ஆகவே பெங்குவின் என்றால் வெள்ளைத்தலையன் என்பது வேல்ஸ்காரர்களின் கட்சி. பெங்குவின் தலை கறுப்பாயிற்றே என்பது எதிர்க்கட்சி. அது கொழுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது மூன்றாவது அணி. வழக்கு இன்னும் முடியவில்லை. தெரிந்த உண்மை, இந்தப் பெயர் முதலில் வாங்கியது இன்றைய பெங்குவின் இல்லை. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்த பெரிய ஆக் என்ற பறக்காத பறவை. அதன் தலையும் கறுப்புதான். கண்ணுக்கு முன்னால் மட்டும் திருநீறு வைத்தாற்போல் ஒரு வெள்ளைப் பட்டை.

இதை வைத்து நாடு பிடிக்கவே முயற்சி நடந்தது. 1583-ல் ஜார்ஜ் பெக்கம் என்பவர் ஒரு நூல் எழுதினார். ஸ்பெயினுக்கு முன்பே மடோக் என்ற வேல்ஸ் இளவரசர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார், ஆகவே அந்த நிலம் எலிசபெத் ராணிக்கே சொந்தம் என்பது வாதம். சாட்சி? அங்கே ஒரு பறவைக்கு பெங்குவின் என்று வேல்ஸ் பெயர் வழங்குகிறது. ஒரு கண்டத்துக்கே பட்டா கேட்டுப் போனவர்கள் ஆதாரமாக நீட்டியது ஒரு பறவையின் நெற்றியை.

பறவைக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. மாலுமிகள் அதைத் தின்றார்கள், எண்ணெய் எடுத்தார்கள், இறகைப் பிடுங்கினார்கள். 1844-ல் ஐஸ்லாந்து அருகே எல்டி தீவில் கடைசி ஜோடியும் கொல்லப்பட்டது. அதற்குள் தெற்கே போன கப்பல்காரர்கள் அங்கே பார்த்த வேறொரு குட்டை இறக்கைக்காரருக்கு இதே பெயரைச் சூட்டியிருந்தார்கள். செத்தவன் பெயரில் பிழைப்பு நடத்துவது மனிதரில் குற்றம், பெங்குவினுக்கு மன்னிப்பு.

யார் வெள்ளை?

கடைசியாக ஒயிட். கோதுமையைக் குறிக்கும் வீட் அதன் உடன்பிறப்பு. வெள்ளை மாவு தரும் தானியம் என்பதால் அந்தப் பெயர். வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் கல்கத்தாவில் நின்று, சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். அவருக்குப் பின்வந்தவர்கள் உறவுமுறையைத் தோண்டினார்கள். இங்கிலீஷ் ஒயிட்டும் வடமொழி சுவேதமும் பங்காளிகள் என்று தெரிந்தது. நம் ஊர் சுவேதாக்கள் லண்டனில் யாரிடமும் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டியதில்லை. அர்ஜுனன் என்ற பெயருக்கும் வெண்மை, ஒளி என்று பொருள். லத்தீனில் வெள்ளிக்கு வழங்கும் அர்ஜென்டமும், அதன் பெயர் சூடிய அர்ஜென்டினா நாடும், விவாதிப்பதைக் குறிக்கும் ஆர்க்யூவும் அதே வேர். அர்ஜுனனுக்கும் ஆர்க்யூவுக்கும் சொந்தம் என்றால் கீதை 18 அத்தியாயம் நீண்டதில் குற்றம் சொல்ல முடியாது.

ஒயிட் மனிதர்மேல் ஏறியபோதுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது. 1751-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் மக்கள்தொகை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மின்னலையே பட்டம் விட்டுப் பிடித்த மூளை. உலகில் வெள்ளையர் மிகக் குறைவு என்று வருத்தப்பட்டார். ஸ்பானியர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் எல்லாம் மாநிறம் என்றார். ஸ்வீடன்காரரும் மாநிறம் என்றார். சாக்சன் தவிர்த்த ஜெர்மானியரும் அப்படியே. மிஞ்சிய வெள்ளையர் சாக்சனியரும் இங்கிலீஷாரும். அதாவது பிராங்க்ளினும் அவர் சொந்தக்காரர்களும். ஸ்வீடனைக் கறுப்பு லிஸ்டில் போட்ட இன்னொரு அறிஞரை வரலாறு முழுக்கத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

அதே கட்டுரையில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரைப் பட்டிக்காட்டுக் கூட்டம் என்றும் எழுதியிருந்தார். 1764-ல் அங்கே சட்டசபைத் தேர்தல், பிராங்க்ளின் வேட்பாளர். எதிரிகள் பழைய கட்டுரையைத் தோண்டி எடுத்து ஜெர்மன் வாக்காளர் மத்தியில் பரப்பினார்கள். மேதை தோற்றார். மின்னலைத் தாங்க இடிதாங்கி செய்யத் தெரிந்தவருக்குத் தான் எழுதியதைத் தாங்க ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

அவர் பங்கெடுத்து உருவாக்கிய நாட்டின் அதிபருக்கு 1792-ல் வீடு கட்டத் தொடங்கினார்கள். வெர்ஜீனியாவிலிருந்து மணற்கல். கட்டுமான வேலையில் கறுப்பின அடிமைகளும் இருந்தார்கள். அவர்கள் கூலி அவர்களுடைய எஜமானர்களுக்குப் போனது. கல்லில் ஈரம் இறங்கிக் குளிரில் வெடிக்காமலிருக்க 1798-ல் சுண்ணாம்பு அடித்தார்கள். 1814-ல் இங்கிலீஷ்காரர்கள் வந்து தீ வைத்தார்கள். அந்தக் கரியை மறைக்கத்தான் வெள்ளையடித்தார்கள், அதனால்தான் வெள்ளை மாளிகை என்று சொல்பவர்கள் நிறைய. கதை அழகு, கணக்கு இடிக்கிறது. எரிவதற்கு முன்பே அந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது. 1901-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அதையே அதிகாரப் பெயராக்கினார். தீயில் கருகிய தடம் சில கற்களில் இப்போதும் இருக்கிறது. பார்க்கட்டும் என்று அங்கே மட்டும் பூசாமல் விட்டிருக்கிறார்கள். மிச்ச இடமெல்லாம் விடாமல் பூசுகிறார்கள். வெளிப்புறத்துக்கு முழுதும் ஒருமுறை வெள்ளையடிக்க 570 கேலன், அதாவது ஏறக்குறைய 2,150 லிட்டர் பெயின்ட் பிடிக்கிறது என்பது அந்த மாளிகையே சொல்லும் கணக்கு.